எட்டு பைட்

எங்கள் ஊரில் செம்புக் கம்பிக்கு ஆயுசு குறைவு. இராஜாக்கமங்கலத்தில் கடல் கண்ணுக்குத் தெரியாத வீடுகளிலும் உப்புக் காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். சன்னல் கம்பி, சைக்கிள் ரிம், கிணற்றுக் கப்பி என்று எதையும் அது விடாது. வாசல் சுவரில் இருந்த தொலைபேசிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே முனைகள் பச்சையாகக் களிம்பேறிக் கிடக்கும். லைன்மேன் அண்ணாச்சி வருவார், பேனாக்கத்தியால் களிம்பைச் சுரண்டுவார், கையிலிருக்கும் போனைச் செருகி ஒரு 'ஹலோ' சொல்லிப் பார்ப்பார். "இனி கொஞ்ச நாளைக்குக் கெடக்கும்" என்பார். கிடக்கும். ஆனி, ஆடிச் சாரல் தொடங்கினால் மறுபடியும் கரகரக்கும்.

அந்தக் கரகரப்புக்கு நடுவில்தான் மஸ்கட்டிலிருந்து அத்தான் பேசுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும் என்று அக்காவும் அம்மையும் மத்தியானத்திலிருந்தே காத்திருப்பார்கள். பாதிப் பேச்சு உப்பில் கரைந்துவிடும். "கேக்கல்ல மக்கா, கொஞ்சம் சத்தமா சொல்லு" என்று அம்மை கத்துவாள். அந்தப் பக்கம் அத்தான் குரலை உயர்த்துவார், இல்லையென்றால் நீளமாகச் சொன்னதைச் சின்னச் சின்னதாக உடைத்துச் சொல்வார். "பணம். அனுப்பியாச்சு. திங்கக்கெழம. வரும்." அவ்வளவு போதும். வீடு நிம்மதியாகிவிடும்.

பல வருடம் கழித்து, ரவுட்டருக்குள் இருக்கும் ஒரு சிறிய எண்ணைப் பற்றி நான் விவரமாகப் படித்தபோது எனக்கு இந்த வெள்ளிக்கிழமைகள்தான் நினைவுக்கு வந்தன. கேட்காதவன் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்பவன் அதைக் கேட்டுத் தன் பேச்சைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். இணையத்தைக் கட்டியவர்கள் இந்த ஏற்பாட்டை யோசித்து எழுதிவைத்திருந்தார்கள்.

அந்த எண்ணுக்கு எம்.டி.யு. என்று பெயர். ஓர் இணைப்பு ஒரே தடவையில் சுமக்கக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு அது. நாம் அனுப்பும் படமோ கடிதமோ முழுசாகப் போவதில்லை. பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி எழுதப்பட்டுப் போகிறது. 192.168.1.1 என்று தட்டி வீட்டு ரவுட்டரின் உள்ளே போய்ப் பார்த்தவர்கள், வெளி இணைப்புக்கான (WAN) பக்கத்தில் அந்தக் கட்டத்தைக் கண்டிருப்பார்கள். சில பெட்டிகளில் 1500 என்றிருக்கும், சிலவற்றில் 1492. பெரும்பாலானவர்கள் அதைத் தொடாமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

1500 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 1973-க்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கிய காலம் அது. பிறகு டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 1980-ல் வெளியிட்ட வரையறையில், ஒரு சட்டகத்துக்குள் 1500 பைட் வரை வைக்கலாம் என்று வகுத்தார்கள். அன்றைக்கு நினைவகச் சில்லுகள் விலை அதிகம்; அதைவிடப் பெரிய பாக்கெட்டைத் தாங்கி வைத்திருக்க அட்டையில் இடம் வைத்தால் செலவு ஏறும். இன்னொரு காரணமும் உண்டு. எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 1500 பைட் போய் முடிய ஒரு மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்கு மேல் ஒருவரே கேபிளைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டாம் என்ற எண்ணம். எனக்கு இந்த எண்ணம் மிகவும் பிடிக்கும். செம்பு போய்க் கண்ணாடி இழை வந்த பிறகும், ஒரே கேபிளைப் பகிர்ந்த அந்தக் காலம் முடிந்துபோன பிறகும், அந்த 1500 நம் வீட்டுப் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது.

நான் இந்த எண்ணை முதலில் வேறு உருவத்தில்தான் பார்த்தேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. சென்னையும் பம்பாயும் டில்லியும் கல்கத்தாவும் முதலில் பார்த்தன. நாகர்கோவிலில் பிரவுசிங் சென்டர்கள் முளைக்க இன்னும் சில வருடங்கள் ஆயின. வடசேரியில் ஒரு மாடியில் நண்பர் ஒருவர் கடை வைத்திருந்தார். நான் அப்போது கணினிப் பயிற்சி நிலையமொன்றில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமிருந்தால் அந்த மாடிக்கு ஏறிவிடுவேன். ஒரு மோடம், அதன் பின்னால் சில கணினிகள், கதவுக்கு வெளியே கழற்றிப் போட்ட செருப்புக் குவியல். யாராவது ஒருவர் நடிகர் படம் ஒன்றை இறக்கத் தொடங்கினால், பக்கத்துத் தடுப்பில் துபாய்க்காரக் கணவனோடு சாட்டில் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் திரை நின்று நின்று வரும்.

நண்பர் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் 1500-ஐ 576 ஆக்கினார். நொடிக்கு 33.6 கிலோபிட் மோடத்தில் 1500 பைட் பாக்கெட் ஒன்று வந்து முடிய மூன்றில் ஒரு நொடிக்கு மேலாகும். அது முடியும்வரை சாட்டில் வர வேண்டிய "சாப்டியா" பின்னால் நிற்கும். 576 என்றால் ஏழில் ஒரு நொடியில் வழி விட்டுவிடும். அந்த 576-ம் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன எண் இல்லை. 1981 செப்டம்பரில் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்திலேயே இருக்கிறது: எந்தக் கணினியும் குறைந்தது 576 பைட் பாக்கெட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும், 512 பைட் சரக்குக்கும் 64 பைட் தலைப்புக்குமாக. இதில் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 40 பைட் முகவரிக்கே போய்விடுகிறது. 1500-ல் அது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு; 576-ல் ஏறத்தாழ ஏழு. படம் இறக்குபவருக்குச் சற்று நேரம் கூடும், பேசுபவளுக்குத் தடங்கல் குறையும். நண்பர் பேசுபவள் பக்கம் நின்றார். அந்தக் கடையில் அது சரியான தீர்ப்பு.

அந்தப் பெண்ணின் முகம் நினைவில்லை. தலையில் சூடியிருந்த பிச்சிப்பூ வாசம் தடுப்புக்கு மேலே வரும். தோவாளைச் சந்தையில் காலையில் வாங்கியதாயிருக்கும். எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருந்தார்கள். வளைகுடா, சிங்கப்பூர், கப்பல் வேலை, நர்ஸ் வேலை. இங்கே இணையம் வேடிக்கைப் பொருளாக வரவில்லை. பிரிந்திருப்பவர்களின் குரலுக்காக வந்தது. அதனால்தான் அதன் கோளாறுகளை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

2004 அக்டோபரில் அகண்ட அலைவரிசைக் கொள்கை வந்தது. நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்று சொல்லலாம் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு அது சில வருடம் கழித்து வந்தது. அதே களிம்பேறிய செம்புக் கம்பியில், பேச்சு கீழே ஓட, இணையம் அதற்கு மேலான அலைவரிசையில் ஓடியது. இனி வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அக்கா சொன்னாள். தென்னையோலை விழுந்து கம்பி அறுந்தால் மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஈத்தாமொழியின் நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே உண்டு. எங்கள் கம்பிகளுக்கு மேல் தலையாட்டி நின்றவை அந்த மரங்கள்தான். நல்ல கனமான ஓலை.

அந்த மோடத்துக்குள் யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இணைப்புக்கு எதற்கு யூசர்நேம் என்று பயிற்சி நிலையத்தில் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. டயல்அப் காலத்தில் யார் நுழைந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று கணக்கெழுதும் ஏற்பாடு முழுவதும் பி.பி.பி. என்ற நெறிமுறையைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. பிராட்பேண்ட் வந்தபோது அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நிறுவனங்களுக்கு மனமில்லை. பழைய பி.பி.பி.யை அப்படியே ஈதர்நெட்டுக்குள் திணித்து அனுப்பும் வழியை 1999 பிப்ரவரியில் ஓர் ஆவணமாக வெளியிட்டார்கள். அதுதான் பி.பி.பி.ஓ.ஈ. அதற்கான தலைப்புக்கு 6 பைட், உள்ளே இருக்கும் பி.பி.பி.க்கு 2 பைட். ஆக எட்டு. 1500-ல் எட்டு போனால் 1492. சந்தாதாரர் யார் என்று கணக்கெழுத நாம் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கொடுக்கும் இடம் அது.

ஏ.டி.எஸ்.எல். எனப்படும் அந்தச் செம்புக் கம்பி இணைப்பில் இதற்கும் கீழே இன்னொரு நறுக்கல் நடந்தது. 1492 பைட் பாக்கெட்டை மோடம் 53 பைட் துண்டுகளாக வெட்டி அனுப்பும். ஒவ்வொரு துண்டிலும் சரக்கு 48, தலைப்பு 5. இந்த 48-க்கு ஒரு கதை உண்டு. 1980-களின் கடைசியில் அமெரிக்கர்கள் 64 கேட்டார்கள். ஐரோப்பியர்கள், முக்கியமாகப் பிரெஞ்சுக்காரர்கள், தொலைபேசிப் பேச்சில் எதிரொலி வராமலிருக்க 32 போதும் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் 48 என்று கைகொடுத்துப் பிரிந்தார்கள். தொழில்நுட்பக் காரணமேதும் இல்லாத ஓர் எண், இராஜாக்கமங்கலத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே ஓடும் கம்பியில் ஒரு பாக்கெட்டை முப்பத்திரண்டு துண்டாக்கியது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. எங்கோ ஒரு மேசையில் யாரோ செய்த சமரசம் நம் வீட்டுச் சுவருக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

2020. ஊரடங்கு. சென்னையில் வேலை பார்த்த அக்கா மகன் கணினியையும் ரவுட்டரையும் பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். வீட்டில் செம்புக் கம்பி போய்விட்டிருந்தது. உள்ளூரில் கேபிள் நடத்துபவர் மூலம் கண்ணாடி இழை வந்திருந்தது. ஆனால் உள்ளே நுழைய யூசர்நேம் வேண்டும், அதாவது பழைய பி.பி.பி.ஓ.ஈ. அப்படியே இருந்தது. சென்னைக் குடியிருப்பில் அவனுக்கு அது தேவைப்படவில்லை. கம்பியைச் செருகினால் போதும். அங்கே பொருத்த வந்தவர் 1500 என்று கையால் எழுதி வைத்திருந்தார். அந்த இடத்துக்கு அது சரியான எண். இங்கே வந்து யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தபோது இணைப்பு வந்தது. 1500 அப்படியே நின்றது. சில ரவுட்டர்கள் பி.பி.பி.ஓ.ஈ.யில் 1492-க்கு மேல் எழுதவே விடாது. இது விட்டது.

வேகத்தை அளந்து பார்த்தான், நன்றாகவே காட்டியது. பாட்டு ஓடியது, படம் ஓடியது. அக்காவுக்கு அத்தான் அனுப்பிய பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். வங்கிப் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. மருமகனுக்கோ அலுவலகக் கணினிகளோடு இணைக்கும் வி.பி.என். சிக்கல். மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்னான்: "மாமா, கனெக்ட் ஆவுது. சின்னக் கமாண்டுக்கெல்லாம் டக்குனு பதில் வருது. நீளமா ஒரு லிஸ்ட் கேட்டா அப்படியே நிக்குது. எறர் வரும் வரும்னு பாக்கேன், எறரும் வரல்ல."

வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். வேகம் சரியாக இருப்பதாகச் சொன்னார். அவர் பார்த்த திரையில் அது உண்மைதான்.

எறரும் வரல்ல. அந்தச் சொல் என்னை 2017 நவம்பருக்குக் கொண்டுபோனது.

29-ஆம் தேதி இரவு காற்று மாறியது. மறுநாள் ஒக்கி புயல். எங்கள் தோப்பில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. விளக்கு இல்லை, தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை, செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து எல்லாம் ஊமையானது. ஆனால் கரையில் இருந்தவர்களுக்கு அது பெரிய வலி இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று மேற்கே இருக்கும் துறைகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் ஏற்கெனவே வெகுதொலைவில் இருந்தார்கள். கரையின் டவர் அங்கே எட்டாது. அனுப்பிய எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கரைக்குத் தெரியவில்லை. இராஜாக்கமங்கலம் துறையிலும் பெண்கள் கடலைப் பார்த்தபடி நின்றார்கள். டிசம்பரில் ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து பதில் கேட்டார்கள். பலர் திரும்பி வரவே இல்லை.

ஒரு வங்கிப் பக்கம் திறக்காததை அந்தத் துயரத்தோடு ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் இரண்டிலும் ஒரே விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். செய்தி போய்ச் சேராமல் போவது ஒரு கேடு. சேரவில்லை என்பதுகூட அனுப்பியவருக்குத் தெரியாமல் போவது அதைவிடப் பெரிய கேடு. 2019-ல் ஜெமினி என்ற கருவி மீனவர்களுக்கென்று வந்தது. செயற்கைக்கோள் வழியாகக் கடலில் எச்சரிக்கை பெறலாம், ஆனால் அது ஒருவழி. கடலிலிருந்து ஒரு சொல்லையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆபத்துக் காலத்தில் கடலிலிருந்து உதவி கேட்கும் கருவி 2010 முதலே இருந்தது. கேட்டவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. 2024-ல் இஸ்ரோ கொண்டுவந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான், உன் குரல் கேட்டது, மீட்பு வருகிறது என்ற ஒப்புதல் படகுக்குத் திரும்பிப் போகும் வசதி வந்தது. அலைக்கு நடுவில் நிற்பவனுக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரியது என்று கடற்கரைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

பாக்கெட்டுக்கும் அந்தப் பதிலை எழுதிவைத்திருந்தார்கள் என்றேனே. 1990 நவம்பரில் ஜெஃப்ரி மோகல், ஸ்டீவ் டீரிங் இருவரும் எழுதிய ஆவணம் அது. அதன் வழி எளிமையானது. அனுப்பும் கணினி ஒவ்வொரு பாக்கெட்டிலும் 'உடைக்காதே' என்ற குறியை வைத்து அனுப்பும். வழியில் ஏதாவது ஒரு கருவிக்கு அது பெரிதாக இருந்தால் அதைக் கீழே போட்டுவிட்டு, 'இது பெரிது, என் வழியில் 1492-தான் போகும்' என்று ஒரு சிறு செய்தியைத் திருப்பி அனுப்பும். ஐ.சி.எம்.பி. என்ற நெறிமுறையில் வகை 3, குறியீடு 4 என்று அதற்கு எண். அனுப்பியவன் கேட்டுக்கொண்டு, அளவைக் குறைத்து மறுபடி அனுப்புவான். கேக்கல்ல என்று அம்மை சொன்னதும் அத்தான் சின்னதாக்கிச் சொன்னது இதுதான்.

பிறகு பயம் வந்தது. 1996, 97-ல் ஒரு தாக்குதல் பரவியது. விதிப்படி 65,535 பைட்டுக்கு மேல் ஒரு பாக்கெட் இருக்க முடியாது. அதைத் தாண்டும்படி துண்டுகளைத் தந்திரமாகச் சேர்த்து 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் ஒன்றை அனுப்பினால் பல கணினிகள் அப்படியே விழுந்தன. அடுத்ததாக, போலி முகவரியிட்ட பிங் ஒன்றை ஒரு நெட்வொர்க் முழுவதற்கும் அனுப்பி, அத்தனை பதில்களையும் ஒரே ஆள் தலையில் கொட்டும் தாக்குதல். இரண்டும் ஐ.சி.எம்.பி. வழியாக வந்தவை. ஃபயர்வால் வைத்திருந்த நிர்வாகிகள் ஐ.சி.எம்.பி. மொத்தத்தையும் மூடினார்கள். பிங்கோடு சேர்ந்து, 'இது பெரிது' என்ற நேர்மையான செய்தியும் வாசலில் நிறுத்தப்பட்டது. அந்தக் கணினிகள் வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மூடிய கதவுகள் பல இடங்களில் இன்றும் மூடியே கிடக்கின்றன. அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சர்வர் அதே 1500 பைட்டை மறுபடி மறுபடி அனுப்பும், ஒவ்வொரு முறையும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும், கடைசியில் விட்டுவிடும். இங்கே திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

வங்கிப் பக்கம் திறக்காமல் பாட்டு மட்டும் ஏன் ஓடியது என்பதும் இதில் விளங்கியது. இணைப்பு தொடங்கும்போதே, 'என்னால் இவ்வளவுதான் வாங்க முடியும்' என்று நம் பக்கம் ஓர் எண்ணைச் சொல்லும். எம்.டி.யு.வில் 40 கழித்த எண் அது. ரவுட்டர் தன்னை 1500 என்று நினைத்திருந்ததால் 1460 என்று சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்க வேண்டியது 1452. முன்கூட்டிச் சொல்லும் வார்த்தையில் எட்டு பைட் பிசகு. பிசகைத் திருத்தும் பதில் வழியில் தடுக்கப்பட்டிருந்தது. திருத்தும் பதிலை உள்ளே விட்ட சர்வர்கள் வேலை செய்தன. விடாதவை நின்றன. சின்னக் கட்டளைக்குப் பதில் சின்னது, அதனால் வந்தது. நீண்ட பட்டியல் 1500-ஐ நிரப்பியது, அதனால் நின்றது.

மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். விண்டோஸ் கணினியில் பிங் கட்டளையோடு ஆங்கில எழுத்து எஃப்-ஐச் சேர்த்தால் உடைக்காமல் அனுப்பும்; எல்-ஐச் சேர்த்து ஓர் எண்ணைக் கொடுத்தால் அவ்வளவு பைட் அனுப்பும். 1472 என்று கொடுத்தோம். அதோடு தலைப்புகளுக்கு 28 சேர்ந்தால் 1500. 'நேரம் முடிந்தது' என்று மட்டும் வந்தது. 1464 கொடுத்தோம், 28 சேர்த்தால் 1492. நான்கு பதிலும் வந்தன. "எட்டு பைட்டுக்கா மாமா இவ்வளவும்?" என்றான். ரவுட்டருக்குள் போய் 1500-ஐ அழித்து 1492 என்று எழுதிச் சேமித்தான். மறுபடியும் 1472-ஐ அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். இந்த முறையும் போகவில்லை. ஆனால் 192.168.1.1-லிருந்து ஒரு வரி வந்தது: உடைக்க வேண்டியிருக்கிறது, உடைக்காதே என்ற குறி இருக்கிறது. முதல் தடவை மௌனம், இரண்டாம் தடவை மறுப்பு. மறுப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட வேறு சந்தர்ப்பம் எனக்கு நினைவில்லை.

அக்காவின் பக்கம் திறந்தது. "வந்திருக்குலே" என்றாள். வி.பி.என். தன் பூட்டுக்கும் உறைக்குமாக இன்னும் சில பைட்டுகளைத் தின்னும் என்பதால், அதன் அளவை மருமகன் தன் அலுவலகத்தைக் கேட்டு 1400-க்குக் கொண்டுவந்தான். பட்டியல் முழுசாக வந்தது.

இந்த எண்ணை மாற்றினால் இணையம் பறக்கும் என்று சொல்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். பயிற்சி நிலையத்திலும் பையன்கள் வந்து சொல்வார்கள். அது உண்மையில்லை. டயல்அப் காலத்து 576-ஐ இன்றைய கண்ணாடி இழையில் எழுதி வைத்தால் முகவரி எழுதும் செலவு கூடும், வேறு பயன் எதுவும் வராது. எம்.டி.யு. வேகத்துக்கான திருகு இல்லை. வழியின் உண்மையான அகலத்தை முதலிலேயே சொல்லிவிடும் எண் அது. உண்மையைச் சொன்னால் போதும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

எட்டு பைட்டைத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு வழி 2006-லேயே எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் உள்ள கருவிகளெல்லாம் 1508 பைட்டைச் சுமக்கச் சம்மதித்தால் பி.பி.பி.ஓ.ஈ.யிலும் முழு 1500 ஓடும். சேவை தருபவர் அதைச் செய்திருக்க வேண்டும், ரவுட்டரும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இன்னும் 1492-தான்.

இன்னொரு மாற்றம் அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐ.பி.வி6 இந்தியாவில் வேகமாகப் பரவியது. அதில் வழியிலுள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டை உடைக்கவே உடைக்காது. குறைந்தது 1280 பைட் எந்த வழியிலும் போக வேண்டும். அதற்கு மேல் பெரிதாகி வழி தாங்காவிட்டால், 'பெரிது' என்ற செய்தி அனுப்பியவனுக்குத் திரும்பிப் போயே ஆக வேண்டும். அந்தச் செய்தியை மூடிவைத்தால் ஐ.பி.வி6 முடங்கும். இது தெரிந்தும் மூடுகிறார்கள். 2021 மே மாதம் வெளியான குவிக் என்ற புதிய நெறிமுறை அந்தப் பதிலை நம்பிக் காத்திருப்பதில்லை. 1200 பைட்டில் தொடங்கி, பெரிய பாக்கெட்டை அனுப்புமுன் வழி தாங்குமா என்று தானே சோதித்துப் பார்த்துக்கொள்கிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. எனக்கு அதில் வருத்தமும் உண்டு. கேட்கவில்லை என்றால் சொல் என்று முப்பது வருடங்களுக்கும் முன்பு இரண்டு பேர் எழுதிவைத்த ஒழுங்கை நாம் காப்பாற்றாததால், எல்லாரும் முதலிலிருந்தே தாழ்ந்த குரலில் பேசப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

மருமகன் ஊரடங்கு முடிந்து சென்னைக்குத் திரும்பும்போது ரவுட்டரை இங்கேயே விட்டுவிட்டான். அத்தான் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். இப்போது வெளியே இருப்பது அடுத்த தலைமுறை. அக்கா தினமும் ராத்திரி பேரப்பிள்ளையின் முகத்தைத் திரையில் பார்க்கிறாள். கண்ணாடி இழையை உப்பு தின்பதில்லை என்பது எங்கள் ஊருக்குப் பெரிய கொடுப்பினை.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது இணைப்பு இருக்கிறது, வேகம் இருக்கிறது, சில பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், புது ரவுட்டர் வாங்க ஓட வேண்டாம். யூசர்நேம் கொடுத்து நுழையும் இணைப்பா என்று பாருங்கள். 1472, 1464 இரண்டையும் அனுப்பிப் பாருங்கள். பின்னது போய் முன்னது போகவில்லையென்றால் 1492 என்று எழுதுங்கள். நிறுவனங்களில் ஃபயர்வால் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். தாக்குபவனை மறியுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் வகை 3, குறியீடு 4 செய்தியையும், ஐ.பி.வி6-ல் வகை 2 செய்தியையும் உள்ளே விடுங்கள். எங்கோ ஒரு கடற்கரை ஊரில் ஒரு வீடு உங்களுக்குச் சொல்ல முயலும் பதில் அது.